வடவழிக் கடலில் இலையுதிர் காலம்

நாடுகளுக்குப் பெயர் அமைந்த வகை பலவாகும். மன்னர் பெயரால் அமைந்தவை உண்டு. குலத்தின் பெயரால் அமைந்தவை உண்டு. ஆற்றின் பெயரால் அமைந்தவையும் உண்டு. ஆனால், கடல் வழி ஒன்றன் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்கும் நாடு நார்வே. 'வடக்கு நோக்கிச் செல்லும் வழி' என்பதே அப்பெயரின் பொருள் என்பர் அறிஞருள் பெரும்பாலோர். மக்கள் முதலில் வழியை அறிந்தனர். பின்னரே அவ்வழியின் ஓரத்தில் கிடந்த நிலத்தை ஒரு நாடாகக் கண்டனர்.

அந்த வடவழியில் ஆண்டுதோறும் பல்லாயிரவர் கப்பலேறிச் செல்கின்றனர். நள்ளிரவிலும் மறையாத கதிரவனைக் காண விழைவோர் கோடையில் செல்வர். ஆயினும், கடலை அறிந்தோர் பலர் இலையுதிர் காலத்தையே சிறப்பித்துப் பேசுகின்றனர். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அக்கரையின் அழகு தனித்தன்மை வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அழகுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாமல் அக்கரையைக் காண்பவர் மலையையும் நீரையும் காண்பாரேயன்றி, அந்த மக்களைக் காணார். எனவே அவ்வரலாற்றை ஒருவாறு தொகுத்துக் காண்போம்.

வழியும் வழிப்போக்கரும்

நார்வேயின் மேற்குக் கரை நேர்கோடாக அமைந்ததன்று. மலைகளுக்கிடையே கடல் நெடுந்தூரம் உட்புகுந்து கிடக்கிறது. இத்தகைய கடற்கால்களை 'ஃபியோர்டு' என்பர். பனியூழிக் காலத்தில் பெரும் பனியாறுகள் மலைகளை அகழ்ந்து சென்ற பள்ளங்களில் பின்னர் கடல்நீர் நிறைந்ததால் இவை உண்டாயின. தீவுகளையும் இக்கடற்கால்களையும் சேர்த்து அளந்தால் நார்வேயின் கரை நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டரையும் தாண்டும். கரையை ஒட்டி ஆயிரமாயிரம் தீவுகளும் பாறைகளும் அரண்போல் நிற்கின்றன. அவற்றுக்கும் நிலத்துக்கும் இடையே அமைந்த அமைதியான நீர்ப்பாதையே அந்த வடவழி. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டம் இக்கரையைத் தழுவிச் செல்வதால், வட துருவ வட்டத்துக்கு அப்பாலும் இங்குள்ள துறைமுகங்கள் உறைவதில்லை.

இவ்வழியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. வடகோடியில் வாழ்ந்த ஒட்டர் என்னும் வணிகர், இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னருக்குத் தம் பயணத்தை விவரித்தார். மன்னர் அதனை எழுத்தில் பதிவு செய்வித்தார். இரவில் கரையில் தங்கிப் பகலில் நல்ல காற்றோடு பாய் விரித்தாலும், தம் ஊரிலிருந்து தென்துறையை அடைய ஒரு மாதத்துக்கும் மேலாகும் என்று அவர் கூறியிருக்கிறார்.

அக்காலத்து வடவரை அரபுலகமும் அறிந்திருந்தது. ஹிஜ்ரி 309-310, அதாவது கி.பி. 921-922ஆம் ஆண்டுகளில், அப்பாஸியக் கலீஃபாவின் தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபள்லான் வோல்கா ஆற்றங்கரையில் வடநாட்டு வணிகரைச் சந்தித்து, அவர்தம் வழக்கங்களை எழுதி வைத்தார். ஸ்காண்டினேவிய நிலப்பகுதியில், குறிப்பாக ஸ்வீடனின் கோட்லாந்து தீவில், அரபு வெள்ளித் திர்ஹம்கள் பல்லாயிரக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. பின்னர் ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1154), சிசிலி மன்னர் ரோஜரின் அவையில் அல்-இத்ரீஸி தம் பெரும் புவியியல் நூலை முடித்தபோது, நார்வேயும் அதில் இடம்பெற்றது. மத்தியதரைக் கடலின் நடுவே அமர்ந்திருந்த ஒருவர் வடகோடி நாட்டையும் தம் வரைபடத்தில் அடக்க முனைந்தமை அறிவு வேட்கையின் அடையாளமன்றோ!

கருவாடு கட்டிய கரை

இக்கரையின் வாழ்வுக்கு ஆதாரம் மீன். துருவத்துக் காட் மீன் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் லொஃபோட்டன் தீவுகளை நாடி வருகிறது. அதனைப் பிடித்து, உப்பிடாமல், மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் கடற்காற்றில் உலர்த்துவர். அக்கருவாடு பெர்கன் நகரத்துக்குச் சென்று, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. 1360 அளவில் ஜெர்மானிய ஹான்சா வணிகர் பெர்கனில் தம் பண்டகசாலையை நிறுவினர். அவ்வணிகர் குடியிருப்பின் வழிவந்த மரக்கட்டடங்கள் இன்றும் துறைமுகத்தை ஒட்டி நிற்கின்றன. 1979இல் அவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இதனோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிடல் தகும். 1431இல் கிரீட் தீவிலிருந்து சரக்கேற்றிப் புறப்பட்ட வெனிஸ் வணிகர் பியேத்ரோ குவெரினியின் கப்பல், இலையுதிர் காலப் புயல்களில் சிக்கித் திசைமாறி வடக்கே அடித்துச் செல்லப்பட்டது. கப்பலில் இருந்த 68 பேருள், 1432இல் லொஃபோட்டனின் தென்கோடியிலுள்ள ரோஸ்ட் தீவினரால் காப்பாற்றப்பட்டவர் 11 பேரே. ஏழை மீனவர் அவர்களைத் தம் வீடுகளில் வைத்து உணவளித்துக் காத்தனர். முகமறியா அந்நியருக்கு அம்மக்கள் செய்த உதவியை வெனிஸ் சென்ற பின்னும் குவெரினி மறக்கவில்லை. தம் குறிப்புகளில் நன்றியுடன் எழுதி வைத்தார்.

மூன்று நாளில் வந்த கடிதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் வடநார்வேயின் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. ட்ரோண்ட்ஹெய்ம் நகரிலிருந்து ஹாம்மர்ஃபெஸ்ட்டுக்குக் கடிதம் செல்லக் கோடையில் மூன்று வாரமும், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரையும் ஆனதாகக் கூறுவர். 1891இல் அரசின் கப்பல்துறை ஆலோசகர் ஆகஸ்ட் கிரான், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஓடும் விரைவுக் கப்பல் சேவை ஒன்று வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். பெரிய கப்பல் நிறுவனங்கள் இரண்டும் மறுத்துவிட்டன. ட்ரோண்ட்ஹெய்முக்கு வடக்கே இருந்த கலங்கரை விளக்கங்கள் 28 மட்டுமே. கடல் வரைபடங்களும் மிகச் சிலவே. குளிர்கால இருளில், பாறைகள் நிறைந்த நீரில் இரவில் கப்பலோட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும் என அவை கருதின.

ஸ்டோக்மார்க்நெஸ் என்னும் சிற்றூரில் சிறு கப்பல் நிறுவனம் நடத்திவந்த மாலுமித் தலைவர் ரிச்சர்ட் வித் மட்டும் இசைந்தார். அவரும் வழிகாட்டி மாலுமியான ஆண்டர்ஸ் ஹோல்ட்டேயும் ஆண்டுக்கணக்கில் ஒரு செயலைப் பொறுமையுடன் செய்து வந்திருந்தனர். எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நிமிடம் சென்றால் எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தவறாமல் குறித்து வைத்தனர். கண் காணாத இடத்தில் திசைகாட்டியும் கடிகாரமும் அக்குறிப்பேடும் கண்ணாக அமைந்தன. 1893 ஜூலை 2ஆம் நாள் காலை 8.30 மணிக்கு 'வெஸ்தெரோலன்' என்னும் நீராவிக் கப்பல் ட்ரோண்ட்ஹெய்மை விட்டுப் புறப்பட்டது. 67 மணி நேரத்தில், குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே, ஹாம்மர்ஃபெஸ்ட்டை அடைந்தது. மூன்று வாரத்துக் கடிதம் மூன்றே நாளில் வந்துவிட்டது! 'ஹுர்ட்டிகுருட்டன்', அதாவது 'விரைவு வழி', என்னும் அச்சேவை 1898இல் தெற்கே பெர்கன் வரையும், பின்னர் வடகிழக்கே ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கெனஸ் வரையும் நீண்டது. 1936 முதல் நாள்தோறும் கப்பல் புறப்பட்டது. மருந்தும் மாவும் செய்தித்தாளும் மணப்பெண்ணும் நோயாளியும் அதிலேயே சென்றனர். துறைமுகத்தில் அதன் ஊதல் ஒலி கேட்பது ஊராருக்கு உலகத்தின் குரலைக் கேட்பது போன்றதாயிற்று.

இலையுதிர் காலத்தின் எழில்

பெர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் சென்று திரும்பும் இப்பயணம் 12 நாள் கொண்டது. செல்லும்போது இரவில் கடந்த துறைகள் பலவற்றைத் திரும்பும்போது பகலில் காணுமாறு கால அட்டவணை அமைந்துள்ளது. ஒரே கரையை இருமுறை, இருவேறு ஒளியில் காணும் வாய்ப்பு இதனால் கிட்டுகிறது.

செப்டம்பரில் தெற்கே மரங்கள் இன்னும் பசுமையாயிருக்க, வடக்கே செல்லச் செல்ல நிறம் மாறுகிறது. பிர்ச் மரங்கள் பொன்னிறம் பூணுகின்றன. தாழ்ந்த புதர்களும் பாசிகளும் செம்மை பூத்து மலைச்சரிவெங்கும் கம்பளம் விரிக்கின்றன. அதற்கு மேலே சிகரங்களில் புதுப்பனி விழத் தொடங்கியிருக்கும். கீழே கருநீல நீர், நடுவே பொன், உச்சியில் வெண்மை என மூன்று பருவங்களை ஒரே மலையில் காணலாம். ப்ரோன்னோய்சுண்ட் அருகே நடுவில் துளை விழுந்த டோர்க்ஹாட்டன் மலையும், சாண்ட்நெஸ்ஸோயன் அருகே ஏழு சகோதரிகள் எனப்படும் சிகரங்களும், கடலிலிருந்து மதில்போல் எழும் லொஃபோட்டன் மலைத்தொடரும் சாய்ந்த வெயிலில் தனிப்பொலிவு பெறுகின்றன.

ட்ரோம்ஸோ நகரப் பகுதியில் இக்காலத்தில் பகல்பொழுது நாளொன்றுக்கு எட்டு நிமிடத்துக்கும் மேலாகச் சுருங்குகிறது. நவம்பர் இறுதியில் கதிரவன் அறவே மறைந்து, ஜனவரி நடுப்பகுதியில்தான் மீண்டும் முகம் காட்டும். எனவே, அக்கரை மக்களுக்கு இலையுதிர் கால ஒளி செலவழிந்து வரும் செல்வம் போன்றது. அதற்கு ஈடாக இரவு வேறொரு செல்வத்தைத் தருகிறது. கதிரவனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதுவதால் எழும் துருவ ஒளி, பச்சைத் திரைச்சீலைபோல் வானில் அசைந்தாடும். பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, கதிரவக் காற்றின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தோடு எளிதில் இணைவதால் இவ்வொளி மிகுதியாகத் தோன்றுவதை அறிவியலார் கண்டுள்ளனர். கோடையின் வெளிச்சத்தில் இது தெரியாது. இருள் வந்தால்தான் தெரியும்.

வட முனைக்கு அருகிலுள்ள மாகெரோயா தீவில் இன்னொரு காட்சி. சாமி இன மக்கள் வசந்தத்தில் தம் கலைமான்களைப் படகிலேற்றித் தீவின் மேய்ச்சலுக்குக் கொண்டு வருவர். இலையுதிர் காலத்தில் அவை கன்றுகளோடு நீரிணையை நீந்திக் கடந்து பெருநிலம் சேரும். கோடை முழுதும் மேய்ந்து வலுப்பெற்ற கன்றுக்கே அந்த நீச்சல் இயலும்.

அதே பருவத்தின் மறுமுகம்

இக்கரையின் மாபெரும் துயரங்கள் பலவும் இதே பருவத்தில்தான் நேர்ந்தன. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியது. மக்களுக்கு வேறு வழியில்லாததால் கப்பல்கள் தொடர்ந்து ஓடின. ஜெர்மானியப் படையினரும் அவற்றிலேயே சென்றதால், அவை தாக்குதலுக்கு இலக்காயின. 1940 அக்டோபர் 23இல் 'பிரின்செஸ்ஸெ ராக்ன்ஹில்ட்' போடோ நகருக்கு அருகே வெடித்து மூழ்கியது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 1941 செப்டம்பர் 13ஆம் நாள், ஒரே நாளில் இரண்டு கப்பல்கள் அழிந்தன. 'பாரோய்' பிரிட்டிஷ் விமானத்தின் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையாயிற்று. நிறுவனரின் பெயர் தாங்கிய 'ரிச்சர்ட் வித்' பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட, 99 பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதம் அக்டோபர் 17இல், 1893இல் முதன்முதலாகப் புறப்பட்ட அதே 'வெஸ்தெரோலன்' சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் கடலுக்கடியில் சென்றது. 1943 செப்டம்பர் 30இல் 'சாங்க்ட் ஸ்வித்துன்' நேச நாட்டு விமானங்களால் தாக்கப்பட்டுத் தீப்பற்றியது. அருகிலிருந்த சிறுதீவினர் கொந்தளித்த கடலில் படகுகளை இறக்கிப் பலரைக் காத்தனர். தம் நாட்டை மீட்கப் போரிட்டவர்களின் குண்டுகளாலேயே தம் மக்கள் மடிந்ததை அவர்கள் காண நேர்ந்தது. இழப்புகளுக்குப் பின் ட்ரோம்ஸோவுக்கு வடக்கே பெரிய கப்பல்கள் நிறுத்தப்பட்டன. சிறிய மீன்பிடிப் படகுகள் அந்தப் பணியை ஏற்றன. கடிதம் நிற்கவில்லை.

1944 இலையுதிர் காலம் அனைத்திலும் கொடியது. அக்டோபர் 25இல் சோவியத் படை கிர்க்கெனஸை மீட்டது. பின்வாங்கிய ஜெர்மானியருக்கு அக்டோபர் 28இல் ஹிட்லரிடமிருந்து ஆணை வந்தது: மக்களை வெளியேற்று, எல்லாவற்றையும் எரித்துவிடு. ஏறத்தாழ 50,000 பேர் வீடிழந்து தெற்கே துரத்தப்பட்டனர். பல்லாயிரவர் குகைகளிலும் மண்குடில்களிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தனர். கிர்க்கெனஸை ஒட்டிய சுரங்கத்தில், அதன் விடுதலைக்கு முன், ஏறத்தாழ 3000 பேர் தஞ்சம் புகுந்தனர். அவ்விருளில் குழந்தைகளும் பிறந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. ஹாம்மர்ஃபெஸ்ட்டில் எஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றே.

இன்று ஹாம்மர்ஃபெஸ்ட்டிலும் ஹோன்னிங்ஸ்வோகிலும் பயணிகள் காணும் எளிய வண்ண வீடுகள், போருக்குப் பின் திரும்பி வந்த மக்கள் எழுப்பியவை. தெற்கேயே தங்கிவிடுக என அரசு தடுத்தும், பலர் அனுமதிக்குக் காத்திராமல் திரும்பினர் என்பது வரலாறு. நூற்றாண்டுப் பழமையான கட்டடங்கள் ஏன் அங்கில்லை என்று வியப்போருக்கு விடை இதுவே.

வழி நிலைக்கிறது

பின்னர் சாலைகளும் விமானங்களும் பெருகின. 1980களில் அரசு மானியம் படிப்படியாகக் குறையவே, நிறுவனங்கள் சுற்றுலாப் பயணிகளை நாடின. 2021 முதல் ஹுர்ட்டிகுருட்டன் நிறுவனத்தின் ஏழு கப்பல்களோடு ஹாவிலா நிறுவனத்தின் நான்கு கப்பல்களும் இவ்வழியைப் பகிர்ந்து கொண்டுள்ளன. இவை நான்கும் திரவ இயற்கை வாயுவாலும் மின்கலங்களாலும் இயங்குபவை. ஆயினும், அரசு ஒப்பந்தப்படி 34 துறைகளிலும் கப்பல் நிற்றல் வேண்டும். உலகச் செல்வர் மேல்தளத்தில் துருவ ஒளிக்காகக் காத்திருக்க, கீழ்த்தளத்தில் சரக்குப் பெட்டிகள் இறங்குகின்றன. பக்கத்து ஊர் செல்லும் ஒரு மாணவனோ, மருத்துவமனை சென்று திரும்பும் ஒரு மூதாட்டியோ நள்ளிரவில் சிறு துறையில் இறங்குவதும் உண்டு.

வேடிக்கை பார்ப்பதற்கென்றே செல்லும் கப்பல்கள் உலகில் ஏராளம். அவை அழகான இடங்களில் நின்று, அழகில்லாத இடங்களைக் கடந்து செல்லும். வடவழிக் கப்பலோ மக்கள் வாழும் இடங்களில் நிற்கிறது. அழகு வழியில் தானே வந்து சேர்கிறது. இலையுதிர் காலத்தில் அத்துறைகளில் எரியும் விளக்குகள் ஒவ்வொன்றும் ஒருமுறை அணைக்கப்பட்டு மீண்டும் ஏற்றப்பட்டவை. அதனை அறிந்து காண்பவருக்கு, மலைமேல் ஆடும் பச்சை ஒளியைக் காட்டிலும் கரையில் தெரியும் அந்தச் சிறு விளக்குகளே பெரிதாகத் தோன்றும்.