பட்டியலுக்குள் ஒளிந்திருந்த தமிழ்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் பாறசாலை முதலான எல்லைச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. ஒரே கணினியில் இரு மொழிகளையும் எழுத வேண்டிய தேவை இயல்பாகவே அமைந்த நிலம் இது. மென்பொருள் உலகம் அத்தேவையை எதிர்கொண்ட விதம், ஒரு வசதி இருப்பது வேறு, அது கண்ணில் படுவது வேறு என்பதை உணர்த்துகிறது.

ஒருங்குறித் தமிழுக்கான ஆதரவு விண்டோஸ் 2000 பதிப்பிலேயே வந்துவிட்டது. மலையாளம் 2004இல், எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்போடு வந்தது. ஆயினும் எக்ஸ்பியில் தமிழ் செம்மையாகத் தெரிய வேண்டுமானால், கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழி அமைப்புகளைத் திறந்து, மொழிகள் தாவலில் ஒரு பெட்டியைத் தேர்ந்து குறியிட வேண்டும். நிறுவல் குறுவட்டும் பெரும்பாலும் கையில் இருக்க வேண்டும். சிக்கலான வரிவடிவங்களுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரிய கோப்புகள் என்பதே அப்பெட்டியின் பெயர். அடைப்புக்குறிக்குள் தாய்லாந்து மொழி சுட்டப்பட்டிருந்தது. தமிழின் பெயர் இல்லை. தம் மொழி தமக்குத் 'சிக்கலான வரிவடிவம்' என்று எந்தத் தமிழருக்குத் தோன்றும்? வழி அறியாதவர்களுக்குத் திரையில் கட்டங்களே தெரிந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் இதே சிக்கலை ஆபிஸ் தொகுப்பில் மைக்ரோசாப்ட் ஆராய்ந்துகொண்டிருந்தது. வேர்டின் முதல் விண்டோஸ் பதிப்பில் 2 கருவிப்பட்டைகள் இருந்தன. வேர்டு 2003இல் அவை 31 ஆகப் பெருகின. பயனர்கள் புதிதாகக் கேட்ட வசதிகளுள் பல ஏற்கெனவே மென்பொருளுக்குள் இருந்தவையே. இசைந்த பயனர்களிடமிருந்து திரட்டிய தரவு, ஒட்டு, சேமி, நகலெடு, செயல்தவிர், தடித்த எழுத்து ஆகிய ஐந்து கட்டளைகளே வேர்டு 2003இன் கட்டளைப் பயன்பாட்டில் ஏறக்குறைய 32 விழுக்காடு எனக் காட்டியது. ஜென்சன் ஹாரிஸ் இடம்பெற்ற குழு அந்த எண்களோடு நிற்கவில்லை. மாதிரிகளைப் பயனர்முன் வைத்து, அவர்கள் எங்கே தேடுகிறார்கள் என்பதையும் கவனித்தது. ஆபிஸ் 2007இன் 'ரிப்பன்' இவ்வாய்வின் விளைவு.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் ஒரு முறையியல் உண்மை புலப்படும். பயன்பாட்டுத் தரவு, கண்டுபிடித்தவர்களின் சொடுக்குகளை மட்டுமே எண்ணும். பெட்டியைக் காணாத தமிழரும் மலையாளியும் அதில் தடம் பதிப்பதில்லை. ஒரு வசதியின் குறைந்த பயன்பாட்டைத் தேவையின்மைக்குச் சான்றாகக் கொண்டால், ஒளித்து வைத்தலே தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும்.

தமிழ்ச் சூழல் இதற்குத் தானே ஒரு விடை கண்டது. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் ரைட்டர், குறுவட்டு இல்லாமலே அந்த இந்திய மொழி ஆதரவை எக்ஸ்பியில் நிறுவித் தந்தது. 2007இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவில் அந்தப் பெட்டிக்கே தேவையில்லாது போயிற்று. ஆதரவு தொடக்கத்திலிருந்தே இயங்கியது.

எல்லைச் சிற்றூர்களுக்கு இவ்வரலாறு கணினியோடு முடிவதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வகைசெய்கிறது. அச்சட்டப் பிரிவும் ஒருவகையில் பட்டியலுக்குள் இருக்கும் வசதியே. தமிழில் வரும் மனுக்களை மட்டும் எண்ணி அங்கே தமிழின் தேவையை அளந்தால், சொடுக்குகளை மட்டும் எண்ணிய பிழையே திரும்பவும் நிகழும். எண்ணத் தொடங்குமுன் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இப்படியொரு வழி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?