ஆயிரத்தில் மூன்று பேர்தானா?

விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் ரயிலில் ஏறினால், வேலூருக்குச் சற்று முன்னால் கணியம்பாடி வரும். பலர் தூங்கிக்கொண்டே கடந்துவிடும் ஊர். ஆனால் டிமென்ஷியா எனும் மறதி நோயின் வரலாற்றில் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓர் இடம் உண்டு.

1998ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்றொரு குழுவைத் தொடங்கினார்கள். பெயரே ஒரு கணக்குதான்! நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட இல்லை. இந்தக் குழு சென்னையிலும் வேலூர் பக்கத்துக் கிராமங்களிலும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 1000 பேர். முடிவு 2008ல் லான்செட் இதழில் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி இந்தியக் கிராமத்தில் நோயாளிகள் வெறும் 0.3 சதவீதம். கியூபாவில் 6.3!

கிராமத்துக் காற்று சுத்தம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம்... அந்த அளவுகோலின்படி, மறதியால் அன்றாட வேலை கெட்டிருந்தால்தான் நோய். இங்கே மருமகள் சோறு போடுகிறாள், மகன் வங்கிக்குப் போகிறான், பேரன் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வருகிறான். பாட்டிக்கு எந்த வேலை கெட்டது? ஒன்றும் இல்லையே என்றுதான் வீட்டார் பதில் சொல்வார்கள். அதே குழு தன் சொந்த முறையில் அளந்தபோது எந்த நாட்டிலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. மீதிப் பேரை வீடே மறைத்து வைத்திருந்தது.

பெயர்களும் அப்படித்தான். ஜெர்மனியில் அல்சைமர் 1906லேயே இந்நோயை விவரித்துவிட்டார். இந்தப் பக்கம் 'வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது' என்பதோடு சரி. ஈழத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். கேரளத்தில் 'சின்னன்', அதாவது குழந்தைத்தனம்.

இந்தக் கடைசிப் பெயர் வியப்பானது. நியூயார்க் மருத்துவர் பாரி ரைஸ்பெர்க் நோயை ஏழு நிலைகளாகப் பிரித்தார். ஏழாம் நிலையில் பேச்சு ஐந்தாறு சொற்களாகச் சுருங்கி, பிறகு ஒரே சொல்லாகும். அடுத்து நடை போகும், உட்கார முடியாது, சிரிப்பு போகும், கடைசியில் தலைகூட நிற்காது. குழந்தை கற்றுக்கொண்ட வரிசை அப்படியே தலைகீழ்!

வீடு இனி மறைக்க முடியாத நிலையும் இதுதான். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண். விழுங்கத் தெரியாமல் சோறு மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா. மூக்கில் குழாய் போட்டால் பிழைத்துக்கொள்வார் என்று நம்புகிறவர்கள் அதிகம். ஆனால் இந்த நிலையில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகச் சான்று இல்லை. சாய்த்து உட்கார வைத்து, சிறு கரண்டியால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014ல் அறிவுறுத்தியது. அந்தப் பொறுமைக்கு ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஊட்டுவது யார்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான்.

அவளுக்குத் துணையாக முதலில் எழுந்தது கேரளம். 1992ல் டாக்டர் ஜேக்கப் ராய் இந்தியாவின் அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். 2008ல் அம்மாநில அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்தச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு வருவதாகச் சொன்னது.

விழுப்புரம், திண்டிவனம் மக்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் புதுச்சேரி ஜிப்மர், 2010 முதல் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி. இரண்டும் வைத்தியம் பார்க்கும். வருடக்கணக்கில் படுத்திருப்பவரை எங்கே வைப்பது? 2023 பிப்ரவரியில் இதே மாவட்டத்துக் குண்டலப்புலியூரில், ஓர் ஆசிரமத்தில் இருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்கே சேர்க்கப்பட்டுக் காணாமல் போன முதியவர் ஒருவருக்காக உயர்நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுவில்தான் விஷயம் வெளியே வந்தது.

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில், ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாத டிமென்ஷியாவும் இடம் பெற்றது. மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவில் 1 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள அந்தப் பிரிவு இடம் தந்தது. விவசாய வருமானத்துக்கு வரியே இல்லாத திண்டிவனத்து விவசாயிக்கு இதனால் என்ன லாபம்? ஊட்டிவிடும் மருமகளின் ஒரு மணி நேரமோ எந்த ரசீதிலும் வராது.