சவ்விற்கும் தூர்வார வேண்டும்

"மெம்பிரேன் போயிருச்சுங்க சார், புதுசு மாத்திரலாம்" என்றார், எங்கள் வீட்டுக் குடிநீர்க் கருவியைப் பார்க்க வந்த இளைஞர். முன்னர் மாற்றிப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. அவர் உருவி வைத்த சவ்வுக்குழலின் முனையில் திருநீறு பூசினாற்போல வெண்பொடி படிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து வருமாறு அவரை அனுப்பிவிட்டு, அப்பொடியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எங்கிருந்து வந்தது? இதை அகற்ற இயலாதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதல் வினாவிற்கு விடை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. சேலத்திற்கும் சேர்வராயன் மலையடிவாரத்திற்கும் இடையே வெளுத்துக் கிடக்கும் குன்றுகளை மக்கள் சுண்ணாம்புக்கரடு என்பர். ஆங்கிலேயரும் 'சாக் ஹில்ஸ்' என்றே எழுதி வைத்தனர். உண்மையில் அது சுண்ணாம்பு அன்று. மக்னசைட் எனப்படும் மக்னீசியக் கார்பனேட்டு. அங்கிருந்து தெற்கே ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என விரியும் சமவெளியில், மண்ணைத் தோண்டினால் பல இடங்களில் சுக்கான்கல் தட்டுப்படும். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. வழியிலுள்ள சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. கவலை பூட்டி இறைத்த காலத்தில் திறந்த கிணறுகளை ஆண்டுதோறும் மழை புதுக்கியது. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. இந்தியா முழுவதும் சென்று துளையிடும் வண்டிகளுக்குத் தாயகமான திருச்செங்கோட்டைச் சுற்றியே அவை ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிவிட்டன. பாறையோடு நெடுங்காலம் தங்கிய நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்தே மேலேறும்.

நீரின் குற்றத்தை நம் முன்னோர் கலங்கல் என்றும் உவர் என்றும் பிரித்தறிந்தனர். கலங்கலுக்கு அவர்களிடம் மருந்து இருந்தது. தேற்றாங்கொட்டையைக் கலத்தின் உட்புறம் தேய்த்து நீரைத் தெளிவிக்கும் வழக்கம் கலித்தொகையிலேயே உவமையாக வருகிறது. உவருக்கோ மருந்தில்லை. கரைந்துவிட்ட உப்பைத் தேற்றாங்கொட்டையும் பிடிக்காது. துணியும் மணலும் வடிகட்டமாட்டா. நன்னீர்க் கிணறு தேடிக் குடம் சுமந்து நடப்பதொன்றே வழி.

அக்குறையைத் தீர்த்த வரலாற்றில் நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர் இருக்கிறது. சவ்வின் ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் செறிந்த கரைசலும் இருந்தால், நன்னீர் தானாகவே கரைசலை நோக்கிச் செல்லும். 1748இல் பிரான்சின் நோலே என்பவர், பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு இதனைக் கண்டார். உப்புநீரின்மீது அழுத்தம் தந்து இவ்வியல்பைத் திசைதிருப்புவதே எதிர்ச் சவ்வூடு பரவல். 1950களின் இறுதியில் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ரீடும் பிரெட்டனும், செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பைத் தடுக்கும் என்று காட்டினர். ஆனால், பயன்படாத அளவிற்கு நீர் மெல்லக் கசிந்தது.

அக்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இதே ஆய்வில் ஈடுபட்டிருந்தவர்கள் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜனும். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம். கடையில் வாங்கிய படலத்தை அவர்கள் வெந்நீரில் இட்டுச் சூடாக்கிச் சோதித்தனர். அது சிலமுறை நன்றாக வேலை செய்தது; சிலமுறை செய்யவில்லை. காரணம் தேடியபோது, எந்தப் பக்கம் உப்புநீரை நோக்கி இருக்கிறது என்பதே வேறுபாடு என்று புலப்பட்டது. ஒருபுறம் நெருக்கமான மெல்லிய தோலும் அதன்கீழ் கடற்பஞ்சு போன்ற உடலும் கொண்ட சவ்வைப் பின்னர் அவர்களே வார்த்தனர். உப்பைத் தடுப்பது தோல். தோலைத் தாங்குவது உடல். 1964இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1965இல், நிலத்தடிநீர் உவர்ப்பான கோலிங்கா என்னும் கலிபோர்னியச் சிற்றூரில் இம்முறையில் ஊருக்குக் குடிநீர் வழங்கினர். 1970களின் இறுதியில் ஜான் கடோட் என்பவர் அத்தோலைப் பாலியமைடால் இன்னும் மெல்லியதாக ஆக்கினார். இன்று நம் வீட்டுக் கருவிகளில் இருப்பது அதன் வழிவந்ததே. அதன் தடிப்பு தலைமயிரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இத்தகைய மெல்லிய தோலுக்குக் கேடு இருவகையில் வரும். ஒன்று, அதன்மேல் வெண்கறை படிந்து நீரின் வழியை அடைப்பது. மற்றொன்று, தோலே சிதைவது. குளோரின் கலந்த நீர் பாலியமைடை அவ்வாறு அரிக்கும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி இருந்தால் போதும். நீர் குறைவாக வந்து, உப்பின் அளவு பழையபடியே இருந்தால் அடைப்பு; கழுவினால் பயனுண்டு. நீர் தாராளமாக வந்து, உப்பும் ஏறியிருந்தால் சிதைவு, மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கருவிக்குள் செல்லும் நீரில் லிட்டருக்கு 1350 மில்லிகிராம் உப்பு. வெளிவரும் நீரில் 90. பத்து லிட்டர் குடம் நிறைய இரண்டு மணிநேரம் ஆயிற்று. ஆகவே அடைப்புதான். ஒரு லிட்டர் வடிகட்டிய நீரில் இருபது கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, சவ்வுக்குழலை அதில் இரண்டு மணிநேரம் ஊறவைத்தேன். நுண்குமிழிகள் எழுந்தன, என்றோ மழைநீர் மண்ணில் ஏற்ற கரியமில வாயு மீண்டும் வெளியேறுவதாக எண்ணிக்கொண்டேன். பின்னர்ச் சவ்வைப் பொருத்தி, முதல் சில குடங்களைக் கீழே விட்டேன். குடம் நிறையும் நேரம் ஒன்றேகால் மணியாகக் குறைந்தது. உப்பின் அளவு மாறவில்லை. புதிய சவ்வின் வேகம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாசியும் வழவழப்பும் படிந்திருந்தால் எலுமிச்சை உப்பு பயன்படாது; அதற்குக் காரக் கரைசல் வேண்டும். பிளீச்சிங் பவுடரை எக்காரணத்தாலும் தொடக்கூடாது; அது சவ்வையே அழிக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயுவையும் கக்கும்.

பெரிய ஆலைகளில் இது வழக்கமான பணி. நீர்வரத்து பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே சவ்வுகளைக் கழுவுவர். அதே பொருள் வீட்டிற்கு வந்ததும் ஆண்டுதோறும் எறியப்படும் பொருளாகிவிட்டது. அறிவு ஆலையில் தங்கிவிட்டது. செலவு மட்டும் வீட்டிற்கு வந்தது.

ஏரிகளைப் பேண வாரியம் அமைத்த மரபு நம்முடையது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. வண்டல் படிந்தது என்று யாரும் ஏரியைத் தூக்கி எறியவில்லை. கோடையில் குடிமராமத்தாகத் தூர்வாரினார்கள். நீரைத் தேக்கும் எதிலும் வண்டல் படியும், நீரைப் பிரிக்கும் எதிலும் உப்பு படியும் என்பதை ஏற்றுக்கொண்டதன் பெயரே அப்பழக்கம்.

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞர் வந்தார். குடம் நிறைவதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை கிராம் போட்டீங்க சார்?" என்று கேட்டுத் தம் கைபேசியில் குறித்துக்கொண்டார்.