காசு கேட்ட வாயில்: சிங்கப்பூரின் 'புதிய உலகம்'

மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே நகரையும் கல்லடியையும் இணைக்கும் இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயர் அதற்கு இடப்பட்டது. பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் வழியில் உள்ளது எமது நாவற்குடா. அக்காலத்து இப்பகுதி மக்களுக்குக் களிப்பு என்றால் பெரும்பாலும் கோயிற் சடங்கும் அதனையொட்டிய கூத்துமே. வட்டக்களரியைச் சூழ விடியுமளவும் அமர்ந்திருந்தவர் எவரும் நுழைவுச் சீட்டு வாங்கியதில்லை. ஆயினும் கோயில் வீதியில் எல்லோரும் ஒரே நிலையில் நின்றனர் என்றும் கூறிவிட முடியாது. இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்கு, காளாஞ்சி இன்னாருக்கு என்ற வரன்முறை இருந்தது. காசு கேட்கப்படவில்லை; குடி கேட்கப்பட்டது.

பாலம் திறக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1923இல், கடல்கடந்த சிங்கப்பூரிலே இதற்கு நேர்மாறான ஒரு வாயில் திறக்கப்பட்டது. 'புதிய உலகம்' என்னும் களியாட்டப் பூங்காவின் வாயில் அது. தமிழ்க் குடியிருப்பின் அருகிலேயே அமைந்திருந்தும் நம்மவர் எழுதிய வரலாறுகளில் அதற்கு இடம் அரிதாகவே கிடைத்துள்ளது. அதனை இங்கு நோக்குவது பொருத்தமாகும்.

இத்தகைய பூங்காக்கள் மேனாட்டிலே தோன்றியவை. 1893இல் சிக்காகோக் கண்காட்சியில் பெரிஸ் என்பவர் அமைத்த மாபெரும் இராட்டினமும், 1903இல் நியூயோர்க்கின் கொனித் தீவில் மின்விளக்குகளால் ஒளிமயமாக எழுந்த லூனா பூங்காவும் உலகெங்கும் பின்பற்றப்பட்டன. ஆனால் சிங்கப்பூருக்கு நேரடி முன்மாதிரியாக அமைந்தது சங்காய் நகரமே. அங்கு 1917இல் நிறுவப்பட்ட 'பெரிய உலகம்' பலமாடிக் கட்டடம் ஒன்றினுள்ளே நாடகம், இசை, வித்தை யாவற்றையும் அடக்கியிருந்தது. ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹொக் என்னும் பாபா வணிகச் சகோதரர் இருவர் அக்கருத்தை எடுத்து, ஜாலான் பெசாருக்கும் சிராங்கூன் வீதிக்கும் இடைப்பட்ட நிலத்திலே பரந்த வெளியில் அமைத்தனர்.

உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்டிலும் எவை அருகருகே இருந்தன என்பதே கருதத்தக்கது. ஒரு மேடையிலே சீனக் கூத்து. சற்றுத் தள்ளி மலாயரின் ரொங்கெங் ஆட்டம். அப்பால் குத்துச்சண்டை அரங்கு, திரைப்படக் கொட்டகை, உணவுக் கடைகள். மலாய் மொழி 'பங்சவான்' நாடகமும் அங்கே நடைபெற்றது. இந்நாடகம் நமக்கு அந்நியமானதன்று. 1870களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் வழியே அது உருவாகியது. திரைச்சீலைகளும் ஆர்மோனியமும் கொண்ட நமது கொட்டகை நாடகமும் அதே பார்சி அரங்கின் சாயல் படிந்ததே. ஆகவே அங்கு சென்ற தமிழ்த் தொழிலாளி ஒருவனுக்கு, மொழி விளங்காவிடினும், திரை எழும் முறையும் இடையிடையே பாட்டு வரும் முறையும் பழகியனவாகவே தோன்றியிருக்கும்.

பூங்காவிலிருந்து சில நிமிட நடையில், சிராங்கூன் வீதியிலே பெருமாள் கோயில் நிற்கிறது. இவ்வண்மையை நான் தற்செயலாகக் குறிப்பிடவில்லை. சிங்கப்பூர்த் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932இல் தோன்றிச் சாதி வேற்றுமைக்கு எதிராகப் பேசிய காலம் அது. திருவிதாங்கூரிலே ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. எமது நாட்டிலோ மாவிட்டபுரத்தில் 1968இலும் கோயில் வாயிலிலே போராட்டம் நடந்தது. இவற்றோடு ஒப்பிடுங்கால், சில சதங்களை நீட்டியவனிடம் வேறெதனையும் வினவாத பூங்கா வாயிலின் வரலாற்றுப் பொருள் சிறிதன்று. அதனை நடத்தியோர் சமத்துவம் பேசியவரல்லர், இலாபம் தேடியவர். எனினும் சீனனும் மலாயனும் தமிழனும் தோளுரசி நடந்த மாலைப்பொழுதுகளை அந்த இலாப நோக்கமே உண்டாக்கியது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. வாயிலைக் கடந்தபின் ஒவ்வோர் அரங்குக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. வெறுங்கையுடன் உள்ளே சுற்றி வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியோரும் இருந்திருப்பர். நடன மண்டபங்களிலோ ஆடவர் சீட்டு வாங்கி, ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீட்டாகப் பெண்களுடன் ஆடினர். பிறருடைய களிப்பு அப்பெண்களுக்குத் தொழிலாயிற்று.

அவர்களைப் பற்றிச் சமூகம் கூறியது யாவரும் ஊகிக்கத்தக்கதே. ஆனால் அவர்கள் செய்தது பலருக்குத் தெரியாது. புதிய உலகத்தைத் தொடர்ந்து 1931இல் 'பெரிய உலகம்', 1930களின் பிற்பகுதியில் 'மகிழ்ச்சி உலகம்' எனச் சிங்கப்பூரில் மேலும் இரு பூங்காக்கள் எழுந்தன. மகிழ்ச்சி உலகத்து நடன மாதருள் ஒருவரான ஹே யென் நா என்பவர், போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல், தம் தோழியருடன் சேர்ந்து கேலாங் பகுதி ஒழுங்கை ஒன்றிலே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். நடன மாதர் கலைநிகழ்ச்சிகள் நடத்தி அதற்குப் பொருள் திரட்டினர். பூங்காவின் பெயரையே தாங்கிய அந்த 'மகிழ்ச்சி' அறப்பள்ளி 1979வரை நடைபெற்றது. பூங்காவின் வரலாற்றை எழுதுவோர் இராட்டினத்தையும் மல்யுத்தத்தையும் விரித்துரைத்து இப்பள்ளியை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இடையே 1942 முதல் 1945 வரையிலான யப்பானியர் ஆட்சியில் பூங்காக்களிலே சூதாட்டம் பெருகியது. பெரிய உலகம் போர்க் கைதிகளின் முகாமாகவும் பயன்பட்டது. போருக்குப் பின் மீண்டும் கூட்டம் நிறைந்தது. 1963இல் சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது. குளிரூட்டிய திரையரங்குகளும் கடைத்தொகுதிகளும் பெருகின. மாலைக் கூட்டம் குறைந்தது. புதிய உலகம் 1987இல் மூடப்பட்டது. மகிழ்ச்சி உலகத்தின் நிலக் குத்தகை 2000ஆம் ஆண்டில் முடிவுற்றது.

புதிய உலகம் இருந்த நிலத்திலே 2009இல் பெரும் கடைத்தொகுதி ஒன்று திறக்கப்பட்டபோது, பழைய வாயிலைப் புதுப்பித்து அதனருகே நிறுத்தினர். கட்டணம் எதுவுமின்றி எவரும் இப்போது அதனூடே நடந்து செல்லலாம்.