பாராதைராய்டு ஹார்மோன்

கழுத்தில் தைராய்டுச் சுரப்பியின் பின்புறத்தை ஒட்டி, பெரும்பாலோர்க்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக அமைந்த, துவரம் பருப்பளவேயான நான்கு சிறு சுரப்பிகள், ரத்தத்திலுள்ள கால்சியம், பாஸ்பரஸ் என்னும் இரு சத்துக்களையும் அளவோடு நிறுத்தும்பொருட்டுச் சுரக்கும் ஹார்மோன் இது. 84 அமினோ அமிலங்கள் கோத்து அமைந்தது. வளர்ந்த மனிதரின் சரீரத்தில் ஏறத்தாழ 1 கிலோகிராம் கால்சியம் உண்டெனினும், அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் அடங்கிக் கிடக்கிறது. தசையும் நரம்பும் தம் தொழிலைச் செய்வதற்கு ஆதாரமான எஞ்சிய சிறு பகுதியோ, ரத்தத்தின் சீரத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும்.

செயல்: அவ்வளவு சற்றே தாழ்ந்த மாத்திரத்தில் ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது, சிறுநீரோடு கழியவிருப்பதை மீட்கிறது, சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயல்வன்மை பெறச் செய்து, குடல் உணவிலிருந்து கால்சியத்தை மிகுதியாக ஈர்க்க வழி வகுக்கிறது. எலும்பு கரையும்போது பாஸ்பரஸும் உடன் வெளிவருவதால், அதுவும் ரத்தத்தில் தேங்குமாயின் இரண்டும் கூடி உப்பாகப் படிந்துவிடும். ஆகவே கால்சியத்தைக் காத்து, பாஸ்பரஸைச் சிறுநீரில் கழித்துவிடும்படி சிறுநீரகத்தைப் பணிப்பதே இதன் விசேஷமாகும். குழித்துறை வட்டாரத்தில் மரச்சீனிக் கிழங்கோடு முள்ளும் சேர்த்து மென்று தின்னப்படும் நெத்திலி, இவ்விரு சத்துக்களையும் ஒருங்கே தருவது. அது செரித்துக் கால்சியம் ரத்தத்தில் ஏறத் தொடங்கியதும் சுரப்பு தணிகிறது. இரவில் வயிறு ஒழிந்திருக்கும் வேளையில் எலும்பின் சேமிப்பைக் கொண்டு ஈடுசெய்யும் பொறுப்பு மீண்டும் ஹார்மோனைச் சார்கிறது.

வரலாறு: லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், 1850-இல் இச்சுரப்பியை முதன்முதலாக வர்ணித்தார். மனித உடலில் இது உண்டென்பதை ஸ்வீடன் தேசத்து ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880-இல் வெளியிட்டார். இதை மட்டும் நீக்கினால் பிராணிகள் இசிவு கண்டு மடிவதை 1896-இல் வஸ்ஸாலே, ஜெனராலி என்னும் இத்தாலியர் இருவரும், அவ்விசிவு கால்சிய உப்பினால் தணிவதை 1909-இல் அமெரிக்காவில் மக்கல்லமும் ஃவோக்ட்லினும் நிறுவினர்.

இத்துறையில் 1925 ஒரு பொன்னான ஆண்டு. ஜேம்ஸ் காலிப், ரத்தத்தின் கால்சியத்தை உயர்த்தவல்ல சுரப்பிச் சாற்றைப் பிரித்தெடுத்தார். வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல், எலும்பு நலிந்துபோன டிராம் தொழிலாளி ஒருவரின் கழுத்திலிருந்து பருத்த சுரப்பியை அகற்றினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டதும் அவ்வாண்டே. ரத்தத்திலிருந்து புரதத்தை அமிலத்தால் நீக்கி, தெளிந்த நீரில் மாலிப்டேட் உப்பையும் நிறமூட்டும் பொருளையும் சேர்த்தால், பாஸ்பரஸ் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு நீலம் ஏறும். அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு அதனை ஒப்பிட்டுக் கணக்கிட்டனர். எளிமையும் நம்பகமும் ஒருங்கே வாய்ந்த அம்முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கலாயிற்று. சுரப்பி கண்ணுக்குப் புலப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதன் தொழில் விளங்காதிருந்தமைக்கு அளவைக் கருவியின்மையே பெருங்காரணம் எனின், அக்குறையைப் போக்கியவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் முன்வரிசையில் நிற்பது பெருமைக்குரியது. ஹார்மோனையே ரத்தத்தில் அளக்கும் முறையை பெர்சன், யாலோ முதலியோர் 1963-இல் அளித்தனர். கால்சியத்தின் ஏற்றத்தாழ்வைச் சுரப்பி உணரும் ஏற்பியின் அமைப்பு 1993-இல் துலங்கியது.

நோய்கள்: சுரப்பி பருத்து ஹார்மோன் மிகுமாயின் கால்சியம் ஏறிப் பாஸ்பரஸ் தாழும், எலும்பு தேய்ந்து, சிறுநீரகத்தில் கல் உண்டாகும். தைராய்டு அறுவையின்போது இச்சுரப்பிகள் சேதமுற்றுச் சுரப்பு குன்றினால், கால்சியம் தாழ்ந்து பாஸ்பரஸ் ஏறும். மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சில நிமிஷம் இறுக்கி வைக்க, மணிக்கட்டு மடங்கி, விரல்கள் விறைத்து நீண்டு, கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் ஒடுங்குவது இதன் அறிகுறி. நாட்பட்ட சிறுநீரக நோயிலோ பாஸ்பரஸ் கழிய வழியின்றித் தேங்க, ஹார்மோன் ஓயாது சுரந்து எலும்பை அரிக்கும். அந்நோயாளிக்கு உணவில் பாஸ்பரஸைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஆதலின், கால்சியம், பாஸ்பரஸ், ஹார்மோன் மூன்றையும் ஒருசேர நோக்கியே தேர்ந்த மருத்துவர் பிணியின் மூலத்தைத் துணிவர்.