கிழமைப் பெயரும் ஆறாம் வேற்றுமையும்

தில்லைத் திருக்கோயிற் கல்வெட்டுக்களுள், முதற் குலோத்துங்க சோழருடன் பிறந்தாராகிய குந்தவை ஆழ்வார் அக்கோயிலைப் பொன் வேய்ந்த செய்தி கூறுவதொன்று உளது. அரசரது 44-ஆம் ஆட்சியாண்டில், ஞாயிறு மீனத்தில் நிற்க, வெள்ளிக்கிழமையும் உரோகிணியுங் கூடிய நன்னாளில் அத்திருப்பணி நிகழ்ந்ததென அது மொழியும். கணித்து நோக்குவார்க்கு அந்நாள் கி.பி. 1114 மார்ச்சு 13 என இனிது விளங்கும். ஆட்சியாண்டொன்றே கூறப்பட்டிருப்பின் ஆண்டினை ஒருவாறு துணியலாமன்றி நாளைத் துணிதல் இயலாது; கிழமையும் நாண்மீனும் உடன் நின்றமையானன்றோ ஒரு நாளும் பிழையாமற் காண்கின்றோம்!

அந்நாளே இலத்தீன் மொழியில் 'டியேஸ் வெனெரிஸ்' எனப்படும். டியேஸ் என்பது நாள். வெனஸ் என்பது வெள்ளிக்கோள். தில்லையிலும் உரோமாபுரியிலும் ஒரே நாள் ஒரே கோளின் பெயரைத் தாங்கி நிற்றல் எற்றாலெனின், அது சிறிது ஆராயற்பாலது. இவ்வொற்றுமை கண்டு, உரோமர் இதனை நம் முன்னோர்பாற் கற்றனரெனக் களிப்பாரும் உளர். நமக்கென ஒன்றுமில்லையேயென உளம் வாடுவாரும் உளர். இரு திறத்தாரும் சான்று தேடியபின் அங்ஙனம் செய்தல் நன்று.

முதற்கண் சொல்லிலக்கணம் காண்பாம். இலத்தீனர் நாளென்னுஞ் சொல்லை எழுவாயாக நிறுத்திக் கோளின் பெயரை ஆறாம் வேற்றுமைப்படுத்துவர். ஸோல் 'ஸோலிஸ்' எனவும், லூனா 'லூனே' எனவும், மெர்க்குரியுஸ் 'மெர்க்குரியி' எனவும், சாத்தூர்னுஸ் 'சாத்தூர்னி' எனவும் திரியும். மார்ஸ் என்பது 'மார்த்திஸ்' ஆகுங்கால் எழுவாயில் மறைந்திருந்த தகரம் வெளிப்படும். வெனஸ் என்பதன் ஈற்றுச் சகரம் 'வெனெரிஸ்' என ரகரமாம். வியாழனைக் குறிக்கும் யூப்பித்தெர் என்பதோ 'யோவிஸ்' என முற்றும் வேறுபட்டுத் தோன்றும். என்னை? எழுவாயில் தந்தையென்னும் பொருட்டாகிய சொல் உடனொட்டி நிற்றலானும், வேற்றுமையில் அஃதின்மையானும் என்க.

தமிழிலும் அவ்வாறே. ஞாயிறு 'ஞாயிற்றுக்கிழமை' எனவும், திங்கள் 'திங்கட்கிழமை' எனவும், வியாழன் 'வியாழக்கிழமை' எனவும் திரிந்து புணர்தல் யாவரும் அறிந்ததே. ஆயின் ஈண்டு ஓர் அழகு உண்டு. கிழமையென்பது உரிமை, ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமைப்பொருள் என்றே நம் இலக்கண நூலார் வழங்குவர். தற்கிழமை, பிறிதின்கிழமை என்னும் பாகுபாட்டைச் சிறுவரும் ஓதுவர். ஆகவே இலத்தீனர் விகுதியால் உணர்த்திய உரிமையைத் தமிழர் நாட்பெயரின் சொல்லாகவே அமைத்துக்கொண்டனர். பொருள் பிறர்பால் வந்ததாயினும் சொல்லின் அமைப்பு நமதேயாம்.

பொருள் பிறர்பால் வந்ததென்பது எவ்வாறெனின், கூறுதும். சேய்மை முறையில் கோள்கள் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என நிற்கும். ஒரு நாளை 24 ஓரையாகப் பகுத்து, ஒவ்வோர் ஓரைக்கும் ஒரு கோளை முறையே தலைவனாக்கின், 21 ஓரையில் மும்முறை சுற்றி மூன்று ஓரை எஞ்சும். சனியில் தொடங்கிய நாளின் எஞ்சிய மூன்றும் சனி, வியாழன், செவ்வாய் என்பவற்றுக்கு உரியவாதலின், மறுநாள் முதலோரை ஞாயிற்றினதாம். இங்ஙனம் செல்லச் செல்ல வார முறை தானே அமையும்.

அற்றேல், நம் 60 நாழிகைக் கணக்கினின்று அம்முறை பிறவாதோவெனின், பிறக்கும். அண்மையிலுள்ள திங்களை முதலாக வைத்து நாழிகைக்கொரு கோளாக எண்ணின், நான்கு எஞ்சி, மறுநாள் செவ்வாய்க்கு உரியதாகும். இது கொண்டு வாரம் இந்நாட்டிற்றோன்றியதென்பார் கூற்று எண்ணளவில் பிழையன்று. ஆயினும் கி.பி. 499-இல் ஆரியபடர் தம் நூலில் நாட்டலைவரைக் கூறுங்கால், சனி முதலாக ஓரைத்தலைவரை வைத்து நான்காவதை எடுக்கும் நெறியையே உரைத்தார். நாழிகை அங்குப் பேசப்படவில்லை. ஓரையென்னுஞ் சொல்லின் மூலமாகிய ஹோரா என்பதும் யவனர் சொல்லே. கி.பி. 79-இல் எரிமலையால் அழிந்த பொம்பெயி நகரச் சுவர்களில் கோள்நாட்பெயர்கள் காணப்படுகின்றன. நம் நாட்டுக் கல்வெட்டுக்களில் கிழமை குறிக்கும் மிகப் பழையதோ, புதகுப்தர் காலத்து ஏரண் தூணில் உள்ள கி.பி. 484-ஆம் ஆண்டின் வியாழக்கிழமையாகும். கோள்களை நம்மவர் அதற்கு முன்னரே நன்கறிவர். பட்டினப்பாலை வெள்ளியின் நிலையைச் சொல்லியே தொடங்குகின்றது. கோளறிவு வேறு, கோளை நாட்குரியதாக்கும் வழக்கு வேறு.

மேலைநாட்டுத் திருச்சபையார்க்குத் தெய்வப்பெயர்கள் உவப்பாகவில்லை. அவர் ஞாயிற்றை ஆண்டவன் நாளென்றும், திங்களை இரண்டாம் நாளென்றும், வெள்ளியை ஆறாம் நாளென்றும் எண்ணாற் பெயரிட்டனர். மக்கள் வழக்கில் அதனை இன்றும் காப்பவர் போர்ச்சுகீசியரே. தில்லைக்கு அணித்தாகிய பரங்கிப்பேட்டைத் துறையில் அவர் வாணிகம் செய்த நாளில், ஒரே சந்தை நாளை நம்மவர் கோளாலும் அவர் எண்ணாலும் குறித்திருப்பர்.

திருஞானசம்பந்தப் பெருமானார் செய்தது இதனின் வேறு. மதுரைக்கு எழுந்தருளத் துணிந்த அவரை, கோள்நிலை தீதென்று நாவரசர் தடுத்தருளத் திருமறைக்காட்டில் பாடியருளியது கோளறு திருப்பதிகம் என்பது வரலாறு. அதில் ஏழு கோளையும் பெயர் நீக்காது கூறி, அடியார்க்கு அவை நல்லவேயென்றார். அங்குக் கூறப்பட்டவை கோள்களேயன்றிக் கிழமைகளல்ல. இரு பாம்பும் உடன் எண்ணப்படுதலே சான்று. எனினும் அவை நிற்கும் வரிசை சேய்மை முறையுமன்று, ஒளி முறையுமன்று. ஞாயிறு முதற் சனி ஈறாகிய வார முறையே. அவ்வரிசையை விளக்கமின்றிப் பாடியருளினமையின், ஏழாம் நூற்றாண்டிலேயே அது தமிழ்மக்கள் நாவில் ஊன்றிவிட்டதென்பது பெறப்படும்.