தென்கீழ்க் கரையிலிருந்து ஊவா மலைக்கு

பிரயாணம் செய்ய விரும்புவோர் முதலில் தேசப்படத்தை விரிப்பர். பின்னர் மைல்களைக் கணக்கிடுவர். அம்பாந்தோட்டையின் கடற்கரையிலிருந்து வெல்லவாய வழியாக அப்புத்தளை மலைமுகட்டுக்குச் செல்லும் தெருவை இவ்வாறு கணக்கிட்டால் அது ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தூரமேயாகும். மோட்டார் வண்டியில் அரைநாட் பயணம். ஆயினும் இத்தெரு மோட்டார் வண்டிக்காகப் பிறந்ததன்று. பொதிமாடும் பாதயாத்திரிகரும் தோட்டத் தொழிலாளரும் நடந்த தடங்களின்மேல் அமைந்தது அது. எந்த இடத்தில் தங்குவது, எந்தப் பருவத்தில் செல்வது, எங்கே விரைவது, எங்கே நின்று பார்ப்பது என்பனவற்றையெல்லாம் அந்த வரலாறே நமக்குக் கற்பிக்கும்.

கரையிலிருந்து தொடங்குவோம். அம்பலாந்தோட்டைக்கு அருகில் வளவை கங்கைக் கழிமுகத்தை அடுத்துக் கொடவாய என்னுஞ் சிற்றூர் உள்ளது. கஜபாகு மன்னன் அத்துறையின் சுங்க வருவாயை அங்கிருந்த விகாரைக்கு வழங்கியமையை அவ்விடத்துக் கல்வெட்டு கூறுகின்றது. 2003ஆம் ஆண்டில் அக்கடலடியில் பழங் கப்பலொன்றின் சிதைவு கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதென அறிஞர் அதனை மதிப்பிட்டனர். அங்கிருந்து கிழக்கே சென்றால் திசமகாராமை. உருகுணை நாட்டின் தலைநகராகிய மாகமை இருந்த இடம் இதுவே. இங்குள்ள அக்குருகொடையில் 1992 முதல் ஜெர்மானிய ஆய்வாளர் நிகழ்த்திய அகழ்வுகள், கடல்வாணிகத்தோடு தொடர்புற்ற ஒரு பழைய நகரின் வாழ்வை வெளிக்கொணர்ந்தன.

மழை குன்றிய இவ்வரண்ட பூமியில் நகரொன்று செழித்தது எவ்வாறு? விடை மலையில் இருக்கின்றது. கிரிந்தி ஆறு ஊவா மலைகளில் ஊற்றெடுத்து, வெல்லவாய, தணமல்வில என்னும் இடங்களைக் கடந்து, திசமகாராமைக் குளங்களுக்கு நீரூட்டிக் கடலைச் சேர்கின்றது. மலை கரைக்கு நீரை அளித்தது. கரை மலைக்கு உப்பை அளித்தது. இக்கொடுக்கல் வாங்கலே இவ்வழியின் ஆதி வரலாறாகும்.

அம்பாந்தோட்டைப் பகுதியில் லேவாய எனப்படும் ஆழமற்ற உப்பேரிகள் பல உள. கோடையில் நீர் வற்ற, உப்புத் தானே விளையும். மலைநாட்டில் நெல் விளையும், மிளகு விளையும், பாக்கு விளையும். உப்பு மட்டும் விளையாது. ஆதலால் பொதிமாடுகளின் நிரையாகிய தவளங்கள் மலைவிளைபொருளுடன் இறங்கி, உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மீண்டன. இவ்வாணிகத்தில் முஸ்லிம் மக்கள் பெரும்பங்கு கொண்டனர். கரையை ஆள்பவன் உப்பை ஆள்வான். உப்பை ஆள்பவன் கண்டியை நெருக்கலாம் என்பதை ஒல்லாந்தர் நன்கறிந்திருந்தனர். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்குட்பட்டபோது, கண்டியரசின் குடிகள் உப்பெடுப்பதற்கு அனுமதி தனியே குறிப்பிடப்பட வேண்டியதாயிற்று. கடலைக் காணாத ஓர் அரசின் உயிர்நிலை கடலோரத்தில் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆங்கிலேயர் காலத்திலும் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாகவே இருந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய லெனாட் வுல்ஃப், உப்புச் சேகரிப்பையும் அதனை வண்டிகளில் ஏற்றுவதையும் தாமே நேரில் மேற்பார்த்தார். அவர் காலத்தில் மாட்டுக் கொள்ளைநோய் பரவிக் கால்நடைகளை அழித்தது. மாடு மடிந்தால் உழவும் நிற்கும், உப்பு வண்டியும் நிற்கும். அந்நாட்டு ஏழைமக்களின் துயரை அருகிருந்து கண்ட அவர், நாடு திரும்பிய பின்னர் 1913இல் வெளியிட்ட நாவலில் காட்டினிடையே அழிந்தொழியும் ஒரு கிராமத்தின் கதையைச் சொன்னார். காடு சூழ்ந்த தெருவில் இன்று விரைந்து செல்வோர் அக்கிராமங்களை ஒரு கணமேனும் நினைத்தல் தகும்.

உப்பின் வழி தெற்கு வடக்காகச் சென்றது. யாத்திரிகரின் வழி கீழ்க்கரையோரமாக வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள் திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தையை அடைவர். அங்கு முருகனை வழிபட்டு, குமணைக் காட்டினுட் புகுந்து, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யாலைக் காட்டின் வழியே மாணிக்க கங்கைக் கரையைச் சேர்வர். அருணகிரிநாதர் திருப்புகழிற் பாடிய தலம் கதிர்காமம். தமிழரும் சிங்களவரும், சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் அங்கு கூடுவது நெடுநாள் வழக்கம். ஆயின் பிரயாணத் திட்டமிடுவோர் ஒன்றை அறிந்துகொள்ளல் வேண்டும். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு அக்காட்டு வழி, ஆடித் திருவிழாவை ஒட்டிக் கால்நடையாய்ச் செல்லும் அடியாருக்கே திறக்கப்படுவது. வண்டியிற் செல்வோர் பொத்துவிலிலிருந்து மொனராகலை, புத்தல என்று சுற்றியே வரவேண்டும்.

கதிர்காமம் வழிபாட்டுத் தலம் மட்டுமன்று. அரசியல் வரலாறும் அங்கிருந்து புறப்பட்டதுண்டு. கண்டி 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1817இல், அரச குலத்துத் துரைசாமி தானே எனக் கூறிக்கொண்டு ஒருவன் கதிர்காமத்தில் தோன்றினான். வில்பாவே என்பவனே அவன். அக்காலத்தில் ஹாஜி மரிக்கார் என்பாரை வெல்லசைப் பகுதிக்கு முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தமை, அங்கிருந்த திசாவையின் அதிகாரத்தைக் குறைத்து மனக்கசப்பை வளர்த்திருந்தது. நிலைமையை அறியச் சென்ற பதுளை அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் கொல்லப்பட்டார். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மக்களோடு சேர்ந்து, 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயல்கள் எரிக்கப்பட்டன; கால்நடைகள் அழிக்கப்பட்டன. புத்தலையிலிருந்து மொனராகலை வரை பரந்த வெளிகளைக் காண்போர், அவை ஒருகாலத்தில் நெல் விளைந்த நாடென்பதை மறத்தலாகாது.

வெல்லவாய மலையடிவாரத்துச் சந்தி. அருகே புதுருவகலையில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவிலுள்ள புத்தர் ஏறத்தாழ 51 அடி உயரம் உடையவர். பக்கத்துப் போதிசத்துவ வடிவங்கள் மகாயான பௌத்தம் இங்கு வழங்கியமையைக் காட்டும். இங்கிருந்து தெரு இரண்டாகப் பிரியும். ஒன்று இராவணன் அருவியைக் கடந்து எல்லவுக்கு ஏறும். மற்றையது 720 அடி உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியைக் கடந்து, கொஸ்லந்தை வழியாக, ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலுள்ள அப்புத்தளையை அடையும்.

மலைத்தெருக்களை அமைத்தோர் யார்? 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு ஆறுநாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று ஷில்லிங் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டின் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. அரசாங்கத்தின் பயனியர் படையிலோ தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராயிருந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். 1869இல் கோப்பி நோய் தோன்றியபின் மலை தேயிலைக்கு மாறிற்று. 1890இல் தம்பதென்னைத் தொழிற்சாலை எழுந்தது. 1893இல் புகையிரதப் பாதை அப்புத்தளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. உப்பு வண்டிகளின் காலம் அத்துடன் தேய்ந்தது.

ஆயினும் மலைச்சரிவு இன்னும் அமைதி கொண்டதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்சரிந்து தொழிலாளரின் லயங்களை மூடிற்று. தலைமுறை தலைமுறையாக அம்மலையிற் கொழுந்து பறித்தோர் அம்மண்ணுக்குள்ளேயே மறைந்தனர். கரையிலும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூடியிருந்த அம்பாந்தோட்டை மக்களை வாரிச் சென்றதன்றோ?

ஆகவே பருவமறிந்து புறப்படுக. ஒக்டோபர் முதல் சனவரி வரை ஊவாச் சரிவுகளில் மழை மிகும். அக்காலத்தில் கொஸ்லந்தைத் தெருவில் எச்சரிக்கை வேண்டும். புத்தல, கதிர்காமத் தெருவில் யானைகள் நடமாடுவதால் பொழுது சாயுமுன் கடந்துவிடுதல் நன்று. 2020 முதல் அதிவேகப் பாதை கொழும்பையும் அம்பாந்தோட்டையையும் இணைப்பதால், மீதமாகும் நேரத்தை வழியிற் செலவிடலாம். கரையில் ஒருநாள், கதிர்காமத்தில் ஒருநாள், மலையில் இரண்டுநாள் என வகுத்துக்கொண்டு, கீழிருந்து மேலே ஏறுவதே பொருத்தமாகும். உப்பு ஏறிய திசை அதுவே. வானம் தெளிந்த காலையில் அப்புத்தளை முகட்டில் நின்றால் பார்வை தென்கடல்வரை செல்லும். இடையிலே விரிந்து கிடக்கும் அச்சமவெளியை மாட்டோடு மாடாய் நடந்து கடந்தவர்களும், மலைமேல் தெரு வெட்டியவர்களும் தம் பெயரை எங்கும் பொறித்துச் சென்றாரல்லர். அவர்கள் அமைத்த வழியே அவர்கள் விட்டுச்சென்ற ஏடு.